நான் வாசிக்காமல் விட்ட உறை

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணி ஆராதனைக்கு நான் எட்டு மணிக்கெல்லாம் ஆலயத்துக்குப் போய்விடுவேன். சபைச் செயலாளர் என்ற முறையில், ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் உட்கார்ந்து அன்றைக்கு வாசிக்க வேண்டியவற்றை அடுக்கி வைக்க எனக்கு அந்த அரை மணி நேரம் வேண்டும். மேசையின் மேல் இரண்டு கட்டுகள் இருக்கும். ஒன்று, 'ஸ்தோத்திர காணிக்கை' என்று அச்சிட்ட பழுப்பு நிற உறைகள். பெயர், காரணம், தொகை என்று அதில் மூன்று கோடுகள் போட்டிருக்கும். இன்னொன்று, பிள்ளைகளின் நோட்டிலிருந்து கிழித்த தாள்களில் எழுதிய ஜெப விண்ணப்பங்கள். நன்றி சொல்ல அச்சடித்த உறை வைத்திருக்கிறோம். துக்கத்தைச் சொல்லக் கையில் கிடைக்கிற தாள் போதும் என்று விட்டிருக்கிறோம். அது ஏன் அப்படி என்று பல ஞாயிறுகள் நான் யோசித்ததுண்டு.

எங்கள் சபை பாலாற்றுக்கு வடக்கே, காட்பாடிப் பக்கம் இருக்கிறது. பெரிய சபை என்று சொல்ல முடியாது. ஆசிரியர்கள், நர்சுகள், ஆட்டோ ஓட்டுபவர்கள், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குப் போய்வருபவர்கள், குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்து இங்கேயே வீடு கட்டியவர்கள் என்று கலந்த சபை. உறைகளில் அவர்கள் எழுதும் காரணங்களை வாசித்தால் ஒரு வட்டாரத்தின் வாழ்க்கையே கைக்கு வந்துவிடும். மகள் பத்தாம் வகுப்பில் தேறியதற்காக, வாங்கிய கடனை அடைத்ததற்காக, பைக்கிலிருந்து விழுந்தும் எலும்பு முறியாமல் காத்ததற்காக, முதல் சம்பளத்துக்காக, மருமகள் கோபம் தணிந்து வீட்டுக்குத் திரும்பியதற்காக. கடைசியாகச் சொன்னதை வாசிக்கலாமா கூடாதா என்று ஆயரிடம் கேட்டுவிட்டு, "குடும்பச் சமாதானத்துக்காக" என்று மாற்றி வாசித்தேன். தொகையை வாசிப்பதில்லை என்று எங்கள் கமிட்டி முன்பே முடிவு செய்துவிட்டது. எத்தனையோ கூட்டங்களில் நாங்கள் வீணாகப் பேசியிருக்கிறோம், ஆனால் அந்த ஒரு முடிவுக்காகவே அந்தக் கமிட்டியை நான் மதிக்கிறேன். பத்து ரூபாயும் பத்தாயிரமும் ஒரே குரலில் ஒலிக்க வேண்டும்.

எனக்கு முன் செயலாளராக இருந்த பெரியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எப்போதும் துக்கத்தைத்தான் முதலில் வாசிப்பார். சாவு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது கல்யாணப் பேச்சை முதலில் எடுப்பது மரியாதை இல்லை என்பது அவருடைய நியாயம். நானும் சில வருடங்கள் அப்படியே செய்தேன். பிறகு ஒருநாள் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, சிறு வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தின் வரிசை திடீரென்று கண்ணில் பட்டது. "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்." சந்தோஷம் முதலில் வருகிறது. நான்காம் நூற்றாண்டில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் இந்த வரிசையைக் கவனித்து, அழுகிறவர்களோடு அழுவதற்கு மனித சுபாவமே போதும், வாழ்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்படாமல் அவனோடு சந்தோஷப்படுவதற்குத்தான் உயர்ந்த ஆத்துமா தேவை என்ற பொருளில் விளக்கியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு ஒரு நல்ல பிரசங்கக் குறிப்பு கிடைத்தது என்று மட்டும்தான் தோன்றியது. அது என்னைப் பற்றியது என்று தெரிந்துகொள்ள 2022 வரை ஆனது.

துக்கத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் எங்கள் சபை தேர்ந்தது. இதை நான் பெருமையாகவே சொல்வேன். சாவு மணி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஆலயத்து நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யார் வீட்டில் டீ, யார் வீட்டில் சாப்பாடு என்று யாரும் பட்டியல் போடுவதில்லை, ஆனால் எதுவும் இரண்டு முறை வந்ததுமில்லை, வராமல் போனதுமில்லை. சபை நிர்வாகத்தைப் பார்க்கும் பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் எதிரெதிராக நின்று, அதன் பிறகு திருவிருந்துக்குக்கூட ஒரே வரிசையில் வந்து முழங்கால்படியிடாத இரண்டு பேர், ஒரு முதியவளின் அடக்கத்தில் பெட்டியின் முன்பக்கத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தோளில் சுமந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கல்லறைத் தோட்டத்தின் வாசல் குறுகலானது. பெட்டி அதற்குள் நுழைய வேண்டுமென்றால் இருவரும் உடம்பை ஒடுக்கி ஒருவரோடு ஒருவர் ஒட்டித்தான் நடக்க வேண்டும். அன்றும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் பெட்டி சாயவில்லை.

என் வீட்டுத் துக்கத்தில் இந்தச் சபை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் என் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. பத்தொன்பது இரவுகள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ரத்தம் வேண்டும் என்று சொன்ன அன்றைக்கு நான் தகவல் கொடுத்தது ஆயருக்கு மட்டும்தான். மறுநாள் காலை ரத்த வங்கியின் முன் நான்கு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சபையைச் சேர்ந்த அண்ணன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் சாயம் ஏற்றும் பிரிவில் வேலை செய்பவர். தன்னோடு வேலை செய்யும் இருவரையும் கூட்டி வந்திருந்தார். அந்த இருவரும் கிறிஸ்தவர்கள்கூட இல்லை.

அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து வருவார். "நீங்க வூட்டுக்குப் போய்ப் படுங்க சார், நான் இருக்கறேன்" என்பார். வார்டில் சோப்பு போட்டு மூன்று முறை கை கழுவிய பிறகுதான் அம்மாவின் சாப்பாட்டுத் தட்டைத் தொடுவார். எத்தனை முறை கழுவினாலும் நகங்களின் ஓரத்தில் சாயம் போகாது. சாத்துக்குடியை உரித்து, விதை எடுத்து, சுளையின் மேல் தோலையும் நீக்கி, ஸ்பூனால் அம்மாவின் வாயில் வைப்பார். சாயம் படிந்த விரல்களைப் பார்த்து அம்மா அருவருப்படைந்துவிடக் கூடாதே என்ற கவலையில், சுளை விரலில் படாதபடி அவர் அதைச் செய்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஒருமுறை அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அண்ணன் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா அன்று பிழைத்து எழுந்து, 2021 மே மாதம் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். அப்போது அடக்கத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கே அனுமதி இருந்தது. அண்ணனின் பெயரை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சோளிங்கரிலிருந்து கடைசி நேரத்தில் வந்த சித்தப்பாவுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அவர் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

வேலூரில் இருப்பவர்களுக்கு, பிறர் துக்கம் என்பது தெருவில் நடந்து வருகிற ஒன்று. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு ரயிலேறி வந்து, காட்பாடி நிலையத்தில் இறங்கி, ஃபைல்களை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். தோட்டப்பாளையத்திலும் ஆற்காடு சாலையிலும் லாட்ஜுகளுக்கும் மெஸ்களுக்கும் வங்காளி எழுத்தில் பலகை இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத்தான் ஆச்சரியம். இதற்கெல்லாம் வேர் ஒருவருடைய தூக்கமில்லாத இரவில் இருக்கிறது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தகப்பனாரோடு தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அந்தப் பெண்ணை அழைத்தார்கள். மருத்துவரான தகப்பனாரை அனுப்புவதாகச் சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஊருக்கே மருத்துவமனை வந்த கதையாக இதை நாங்கள் மேடைகளில் சொல்கிறோம். நான் அதிகம் நினைப்பது அந்தக் காலையில் அவர் காதில் விழுந்த சாவு மேளத்தைத்தான். மூன்று வீட்டுத் துக்கமும் முறைப்படி அவருடையதல்ல. அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவே விரும்பியிருந்தவர். அந்த மேளச் சத்தத்தைத் தன் வீட்டுச் சத்தமாகக் கேட்டதால், மருத்துவம் படித்துவிட்டு வந்து 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

நோயாளிகளோடு வந்த கிறிஸ்தவர்களில் சிலர் ஞாயிறன்று எங்கள் ஆலயத்தைத் தேடி வருவார்கள். தமிழ் தெரியாது, ஆனாலும் பாமாலையின் ராகம் தெரிந்துவிட்டால் தங்கள் மொழியில் கூடப் பாடுவார்கள். நாகாலாந்திலிருந்து ஒரு தம்பதி நான்கு மாதம் தொடர்ந்து வந்தார்கள். கணவருக்குப் புற்றுநோய். ஒரு ஞாயிறன்று அந்த அம்மாள் ஒரு ஸ்தோத்திர உறையைக் கொடுத்தார். 'நாளை ஊருக்குத் திரும்புகிறோம், நன்றி' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் உற்சாகமாக வாசித்தேன். சபை கைதட்டியது. அவர்கள் எழுந்து நின்று கைகூப்பினார்கள். ஆராதனை முடிந்த பிறகுதான், எங்கள் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அவர்களை அனுப்புகிறார்கள் என்றார்.

உடம்பெல்லாம் கூசிப்போய் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்கு மாலையில் போனேன். அறைக்குள் இரண்டு பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. தெரிந்த இந்தியிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஏன் மன்னிப்பு என்று கேட்டார். இந்த ஊரில் எல்லா இடத்திலும் எங்களுக்கு நம்பர்தான் உண்டு, உங்கள் ஆலயத்தில் மட்டும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நன்றி அதற்குத்தான், நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள் என்றார். அந்த அம்மாள் ஃபிளாஸ்கிலிருந்து எனக்குக் கறுப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அன்று கைதட்டிய சபைக்கு விஷயம் தெரிந்திருந்தால் அழுதிருக்கும். தெரியாமல் தட்டிய கையும் அவர்களுக்குத் துணையாகத்தான் இருந்திருக்கிறது.

சந்தோஷமும் துக்கமும் ஒரே தண்ணீரில் வருவதையும் பார்த்தோம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. மணல் மட்டுமே ஓடிப் பழகிய ஆற்றில் கரை நிறையத் தண்ணீர் போவதைப் பார்க்கப் பாலத்தின் மேல் ஜனம் கூடியது, கிழவர்கள் அழுதார்கள். அடுத்த ஞாயிறு என் மேசையில், வறண்டு கிடந்த கிணற்றில் ஊற்று திறந்ததற்காக ஒரு கிராமத்துக் குடும்பத்தின் ஸ்தோத்திர உறை இருந்தது. அதன் பக்கத்திலேயே, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அரிசி மூட்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் போய்விட்டன என்ற தாள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். ஆராதனை முடிந்ததும் கிணற்றுக்காரர் வீடிழந்தவரைத் தேடிப் போய், அறுவடை ஆனதும் நெல் அனுப்புகிறேன் என்றார். அனுப்பவும் செய்தார். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, இந்த மாவட்டமே காய்ந்து செத்தபோது, 1853இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் கிராமச் சபைகளில் ஒருவர் கஞ்சியை ஒருவர் பங்கிட்டுக் குடித்துப் பிழைத்த கதைகளை என் பாட்டி சொல்வார். அந்தக் கிணற்றுக்காரரைப் பார்த்தபோது பாட்டியின் கதைகள் மிகையில்லை என்று தோன்றியது.

இத்தனையும் பார்த்தவன், இத்தனையும் வாங்கிக்கொண்டவன் நான். இனி சொல்லப் போவதை அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

என் மகன் மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவனைவிட நான் அதிகம் ஆசைப்பட்டேன். தனியார் பள்ளியில் படிக்க வைத்து, பி.எஃப். பணத்தில் கடன் வாங்கி நீட் பயிற்சிக்கு அனுப்பினேன். 2022இல் மூன்றாவது முறையாக எழுதினான். இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. அதே ஆண்டு, அந்தச் சாயப் பிரிவு அண்ணனின் மகன், அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவன், இரண்டாவது முறை எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றான். 2020இல் அந்தச் சட்டம் வந்தபோது அதை வரவேற்றுப் பேசியவன் நான். கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது எத்தனை நியாயமான கதவு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் மதிப்பெண் என் மகனுடையதைவிடக் குறைவு என்று யாரோ சொன்ன அன்று இரவு, அந்த நியாயம் ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை. என் மனைவியிடம் நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. வெஸ்ட்ரி மேசையில் அந்த உறை இருந்தது. 'மகனுக்கு டாக்டர் படிப்பு கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்' என்று நீல மையில் எழுதியிருந்தது. எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கி, 'ஸ்தோத்திரம்' இரண்டு வரிக்கு மடிந்திருந்தது. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அழுத்தி வைத்த பழுப்புக் கறை. நான் எல்லா உறைகளையும் அடுக்கினேன். அதை அடியில் வைத்தேன். பிறகு கட்டிலிருந்து எடுத்து, சங்கீதப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கும், ஆனால் நான் மறக்கவில்லை. மற்ற பதினொரு உறைகளையும் தெளிவாக வாசித்தேன். ஆண்கள் பக்கம் நான்காவது வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன். பெண்கள் பக்கம் அவர் மனைவி, பட்டுச் சேலையில். தங்கள் பெயர் வந்ததும் எழுந்து நிற்பதற்காக, வாசிப்பு முழுவதும் மூவரும் இருக்கையின் நுனியில் இருந்தார்கள். நான் 'இத்துடன் அறிவிப்புகள் முடிகின்றன' என்றபோது, அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல ஏதோ செய்தார். அவர்கள் மெல்ல இருக்கையில் சாய்ந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டிருந்தவர், கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா. 1946இல் வேலூருக்கு வந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்டு கண்டு சொன்ன உண்மை ஒன்றை அவர் எங்களுக்குச் சிறு வயதில் விளக்குவார். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பில் உணர்வு செத்துப்போவதால், சுடுகிற டம்ளரையும் குத்துகிற ஆணியையும் கை அறியாது. வலி தெரியாத கை தன்னைக் காத்துக்கொள்ளாமல் சிதைகிறது. அதனால்தான் அங்கே ஒவ்வொரு இரவும் கை கால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். சபையைச் சரீரம் என்று பவுல் எழுதியதை இதோடு சேர்த்துப் பேசும்போது, வலியைப் பகிர்ந்துகொள்வதையே நாங்கள் எல்லோரும் பேசுவோம். பெரியப்பா இன்னொன்றையும் சொன்னார். குணமாகி ஊருக்குப் போன ஒருவர், தனக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று வந்து சொல்லிவிட்டு, கன்னத்தைத் தொட்டால் கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அழுதாராம். சூட்டை அறியாத கை, குழந்தையின் கன்னத்தையும் அறியாது. அண்ணனின் சந்தோஷத்தை உணராத என்னிடம், அவருடைய துக்கத்தை உணரும் நரம்பு மட்டும் நன்றாக இருக்கும் என்று எதை வைத்து நம்புவது? அடுத்த சாவு வீட்டில் நான் அழுதால் அந்த அழுகை என்னவாக இருக்கும்?

வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். உறை என் சட்டைப் பையில் இருந்தது. அவர் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "நல்லவேளை சார் வந்தீங்க. என் எழுத்து உங்களுக்குப் புரியலையோ இன்னாவோன்னு நெனச்சிக்கினேன். அதான் புள்ளைய வுட்டு வேற ஒண்ணு எழுதச் சொல்லிட்டேன்" என்று சொல்லி, டிவி பெட்டிக்கு மேலிருந்து ஒரு புது உறையை எடுத்து நீட்டினார். குண்டு குண்டான அழகான எழுத்து. கோட்டுக்கு மேலே, பிழையில்லாமல்.

நான் அதை வாங்கவில்லை. பையிலிருந்த பழைய உறையை எடுத்து அவர் முன் வைத்தேன். "எழுத்து நன்றாகப் புரிந்தது அண்ணா. படிக்க எனக்கு மனசு வரவில்லை" என்றேன். மகனைப் பற்றிச் சொன்னேன். ஒதுக்கீட்டைப் பற்றி வீட்டில் நான் பேசியதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் பொருளில்லை என்று பட்டது. அவர் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பேசவில்லை. அவருக்கு வலித்தது என்பது எனக்குத் தெரிந்தது. வலிக்காதது போல அவர் நடிக்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிதான் பேசினார். "தம்பி ரெண்டு வாரமா பாட்டு பிராக்டீசுக்கு வரலியே, நல்லா சாப்புடுதா? வூட்ல நாங்க அதைத்தான் பேசிக்கினு இருந்தோம் சார். ரெண்டு புள்ளைக்கும் சேத்துத்தான் முட்டி போட்டோம். ஒண்ணுக்குத்தான் வந்துச்சி." சொல்லிவிட்டு உள்ளே போய், எவர்சில்வர் தட்டில் கேசரி கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு சபைக்குக் கொடுக்கச் செய்து, கொடுக்காமல் வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போன கேசரியைப் பற்றி எனக்குப் பிறகு தெரிய வந்தது. அன்று தட்டில் இருந்தது புதிதாகக் கிண்டியது.

அந்த ஞாயிறு நான் துக்கத்தை முதலில் வாசிக்கவில்லை. மேசையில் இருந்த எல்லாவற்றுக்கும் மேலே, மகன் எழுதிய புது உறையை அல்ல, அவர் கையெழுத்தில் இருந்த பழைய உறையை வைத்தேன். போன வாரம் வாசித்திருக்க வேண்டியது, என் தவறால் வாசிக்கப்படவில்லை என்று சொன்னேன். காரணத்தைச் சபைக்கு முன் சொல்ல அண்ணன் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுதியிருந்தபடியே வாசித்தேன். "மகனுக்கு டாக்டர் படிப்பு கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்." மடிந்திருந்த இடத்தில் என் குரலும் மடிந்தது. நான் நினைத்துக்கொண்டு போனது போல என் மனம் சந்தோஷத்தால் நிறைந்துவிடவில்லை. உள்ளே ஒரு மூலையில் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நான்காவது வரிசையில் அவர் எழுந்து நின்றபோது, சட்டைக் கை நுனியில் சாயம் படிந்த அந்த விரல்கள் தெரிந்தன. அம்மாவின் கன்னத்தில் இருந்த விரல்கள். அதன் பிறகு நான் மேடையிலிருந்து தட்டிய கைதட்டலில் பொய் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பாட்டி "நம்ம புள்ள டாக்டராவுது" என்று உரக்கச் சொன்னார்.

என் மகன் அன்று ஆலயத்துக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, அண்ணனின் பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நாளாவது கூடப் பாட வேண்டும் என்று வாசலிலேயே நின்று கூப்பிட்டான். இவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் அவன் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.